ஊர் கூடிப் பேசிய வரலாறு



விழா மலர் என்றவுடன் ஆலயம் எழும்பிய கதையையே யாவரும் எதிர்பார்ப்பர். நாமோ ஈண்டு வேறொரு வரலாற்றைக் கூற விழைகின்றோம். ஊர்க் காரியத்தைப் பற்றி ஊரார் வாய் திறந்து பேசும் உரிமை நம் கைக்கு எவ்வாறு வந்தது என்பதே அது. ஆலயத்தில் கூடும் நாம்தானே ஊரிலும் வாழ்கின்றோம்!

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உத்திரமேரூர் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் புகழ் பெற்றவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். இவ்வாறு தேர்ந்தவர்களே ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் ஓராண்டு பணியாற்றினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்துணைக் கண்டிப்பு!

இதைச் சொல்லிப் பெருமைப்படுவது தகும். ஆயினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமன்றோ? அவ்வூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவராய், வேதம் கற்றவராய் இருத்தல் வேண்டும். கல்வியில் மிக்கவர்க்கு நில அளவு சற்றுத் தளர்த்தப்பட்டது. நிலமற்ற உழவனின் பெயரும், அவன் வீட்டுப் பெண்ணின் பெயரும் அக்குடத்தில் விழவே இல்லை.

இதனால்தான், நாட்டின் அரசியலமைப்பு உருவாகும் வேளையில், 1948 நவம்பர் 4 அன்று டாக்டர் அம்பேத்கர் கிராமத்தைக் கொண்டாடுவோரைக் கடுமையாகச் சாடினார். அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடம் அது என்பது அவர் கருத்து. எனினும் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்ற நெறி 40-ஆம் விதியாக இடம் பெற்றது. அது சட்ட வலிமை பெற நெடுங்காலம் ஆயிற்று. 1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆயினர்.

சட்டம் வந்ததும் மனம் மாறிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் அமர்ந்த முருகேசன், 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி, பத்தாண்டுகள் நிலையாக நிரப்பப்படாமலே கிடந்தது. 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். ஒரு நாற்காலியில் அமர்வதற்கு இத்துணைக் கண்ணீர், இத்துணை இரத்தம்!

நிற்க. இன்று தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகின்றது. ஊரின் திட்டத்திற்கும் வரவு செலவுத் திட்டத்திற்கும் ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும் அதன் கடமை. குழாயில் தண்ணீர் வராததைத் தெருமுனையில் நின்று புலம்புகின்றோம். சபை கூடும் நாளிலோ வீட்டில் அமர்ந்து விடுகின்றோம். பிறகு யாரோ நீட்டும் பதிவேட்டில் கையொப்பமிட்டு அனுப்புகின்றோம். கணக்குக் காட்டாதவரை விலக்கிய முன்னோரின் மண்ணில், கணக்கைக் கேளாமலே கையெழுத்திடுவது தகுமா?

குடத்துக்குள் பெயர் விழாதவர்களின் பேரப்பிள்ளைகளே நம்மில் பெரும்பாலோர். இன்று நம் பெயர் பட்டியலில் இருக்கின்றது. ஆகவே அடுத்த சபைக்குக் குடும்பத்தோடு செல்வோம். பெண்களைப் பின்வரிசையில் அமர்த்தாமல் முதலில் பேசச் சொல்வோம். தயங்கி நிற்கும் ஏழையின் சொல்லைப் பொறுமையோடு கேட்போம். பிறருக்காக ஒரு வார்த்தை பேசி முடித்த பின், நமக்காகவும் ஒன்று கேட்போம்.