மரத்தின் மேல் ஒரு தோல்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மரம், நரம்பு, அவற்றை இழைத்த கைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மரத்தின் மேல் பூசப்படும் பூச்சைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் ஒரு கருவியை நாம் முதலில் காண்பதும் தொடுவதும் அந்தப் பூச்சைத்தான். மெல்லிய அந்தப் படலத்துக்குள் ஒரு காலத்தின் வேதியியல், வணிகம், ரசனை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. மின் பேஸ் கிட்டாரை முன்வைத்து அந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். தொழிற்சாலை பூசிய தோலைத் தம் கையாலேயே உரித்தவர்களின் கதையும் இதில் அடக்கம். அதனால் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதே நம் கேள்வி.

1951-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரிலிருந்து லியோ ஃபெண்டரின் 'பிரிசிஷன் பேஸ்' வெளிவந்தது. அதுவரை பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நிற்கும், தோளில் சுமக்க முடியாத டபுள் பேஸ்தான். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டக்கூடிய ஒரு பலகையாக மாற்றினார். உள்ளீடற்ற கூடு இல்லை; திண்ணமான ஆஷ் மரத்துண்டு; அதன்மேல் மர ரேகை தெரியும்படி வெண்மஞ்சள் பூச்சு. கழுத்துப் பகுதி பசையால் ஒட்டப்படாமல் நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது.

இந்த நான்கு திருகுகளை நம் கதையின் தொடக்கம் எனலாம். ஒரு வயலினையோ வீணையையோ பிரித்து மீண்டும் பூட்டுவது கைதேர்ந்த கலைஞரின் வேலை. ஃபெண்டரின் கருவியை ஒரு திருப்புளியைக் கொண்டு கால் மணி நேரத்தில் பிரித்துவிடலாம். உற்பத்தியையும் பழுதுபார்ப்பையும் எளிதாக்கவே ஃபெண்டர் இவ்வாறு செய்தார். ஆனால் அதன் விளைவாக, கருவியை வாங்கிய எவரும் அதன் உடலைத் தனியே கழற்றி, வீட்டுக் கொல்லையில் கயிற்றில் தொங்கவிட்டு வண்ணம் அடிக்க முடியும் என்ற நிலை வந்தது. தொழிற்சாலை தன்னை அறியாமலேயே வாங்கியவரின் கையில் ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டது.

*

பூச்சின் கதை இதைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்ந்த கிட்டார்களுக்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பந்தால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றும் 'ஃபிரெஞ்சு பாலிஷ்' முறையே வழக்கில் இருந்தது. அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில், மரக்கிளைகளை மொய்க்கும் ஒரு சிறு பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைத்தது. பாண்டவர்களுக்காகக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையின் அதே அரக்குதான். ஆங்கிலத்தின் 'லாக்கர்' என்ற சொல்லே வடமொழியின் 'லாக்ஷா'விலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாய்வாளர் கூறுவர்.

அரக்கின் இடத்தைப் பிடித்தது வெடிமருந்தின் உறவுப் பொருள். 1846-இல் ஷோன்பைன் பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சு செய்யும் முறையைக் கண்டறிந்தார். அந்த நைட்ரோசெல்லுலோஸின் குறைந்த வீரியமுள்ள வகைகள் பிற்பாடு படச்சுருளாகவும் கற்பூரம் சேர்ந்த செல்லுலாய்டாகவும் உருமாறின. முதல் உலகப்போர் முடிந்தபின் டூபாண்ட் நிறுவனம், தன் வெடிமருந்துத் தொழிலில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, 1923-இல் 'டூகோ' என்ற விரைவில் உலரும் வண்ணத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு வண்ணம் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆனது. டூகோ அதைச் சில நாட்களாகக் குறைத்தது. கார்த் தொழிலுக்குக் கிடைத்த இந்த வேகம், கிட்டார்த் தொழிலுக்கும் வந்து சேர்ந்தது.

ஃபெண்டரின் வண்ணங்கள் கார்களின் வண்ணங்களே. 'ஃபியஸ்டா ரெட்' ஐம்பதுகளின் ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்தும் 'லேக் பிளாசிட் ப்ளூ' காடிலாக்கிலிருந்தும் வந்தவை. 1950-களின் இறுதியில் இத்தகைய தனி வண்ணம் வேண்டுமென்றால் விலையில் ஐந்து விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும். பழைய ஃபெண்டர்கள் எல்லாம் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கொண்டவை என்று இன்று பலர் பக்தியோடு சொல்வார்கள். அது முழு உண்மையன்று. 'லேக் பிளாசிட் ப்ளூ' போன்ற உலோகப் பளபளப்பு வண்ணங்கள் 'லூசைட்' எனப்பட்ட அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பின்னர், அறுபதுகளின் இறுதியில், தடிமனான பாலியெஸ்டர் பூச்சு வந்தது. அது கண்ணாடிபோல் பளபளத்தது, எளிதில் தேயவில்லை. ஆனால் கருவியின் வயதை அது முகத்தில் காட்டவும் இல்லை.

*

தொழிற்சாலை கொடுத்த நிறத்தை மறுப்பது ஒரு செய்கையாக, ஏறத்தாழ ஓர் அறிக்கையாக, வெளிப்பட்டது 1967-இல். அந்த ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஒளிரும் வண்ணங்களையும் நகப்பூச்சையும் கொண்டு தானே ஓவியம் தீட்டினார். எரிக் கிளாப்டனின் கிட்டாருக்கும் ஜாக் புரூஸின் ஆறு நரம்பு பேஸுக்கும் 'தி ஃபூல்' என்ற டச்சு ஓவியர் குழு வண்ணம் தீட்டியது. பால் மெக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கர் பேஸ் 'ஃபயர்குளோ' எனப்படும் செந்தழல் நிறத்தில் வந்தது. 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' படத்தில் அது வெள்ளை, சிவப்பு, வெள்ளி வண்ணங்கள் வழிந்தோடும் கோலத்தில் தென்படுகிறது.

அடுத்த ஓராண்டுக்குள் காற்று திசை மாறியது. பகட்டான வண்ணங்கள் போய், வெறும் மரம் அழகு என்றாயிற்று. 1968-இல் ஜான் லெனனின் எபிஃபோன் காசினோ உரிக்கப்பட்டது. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்த கச்சேரியில் அவர் கையில் இருந்தது அந்த வெளிர்மரக் கிட்டார்தான். மெக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கரும் பின்னர் உரிக்கப்பட்டது. எழுபதுகளில் 'விங்ஸ்' மேடைகளில் நாம் காண்பது இளம் பழுப்பு மேப்பிள் மரத்தை. ஆக, ஒரே கருவி, சில ஆண்டுகளுக்குள், மூன்று தோல்களைக் கண்டுவிட்டது. முதலாவது தொழிற்சாலையுடையது. இரண்டாவது காலத்தின் கொண்டாட்டம். மூன்றாவது கொண்டாட்டத்தின் மறுநாள் காலை.

பூச்சை நீக்கினால் மரம் 'சுவாசிக்கும்', ஒலி விடுபடும் என்ற நம்பிக்கையும் அப்போது பரவியது. காசினோவைப் போன்ற உள்ளீடற்ற, மெல்லிய பலகைகள் அதிரும் கருவியில் தடித்த பூச்சு சற்றுத் தடையாகலாம் என்பதில் ஒரு நியாயம் உண்டு. திண்ணமான மரப்பலகையாலான பேஸில், காந்தச்சுருள் உணர்வது உலோக நரம்பின் அசைவை. அங்கே பூச்சின் பங்கு மிகமிகச் சிறியது. இருந்தும் நம்பிக்கை நின்றுவிட்டது. தன் கையால் ஒரு வாரம் தேய்த்து முடித்த கருவியை மீண்டும் பூட்டி முதல் சுரத்தை எழுப்புகிறவருக்கு, அது முன்பைவிட நன்றாக ஒலிப்பதாகவே கேட்கும். அதை நாம் ஏமாற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. உழைப்பும் காதுகளுக்குள் புகுந்துகொள்கிறது.

*

பூச்சு உண்மையிலேயே ஒலியை மாற்றிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதைச் செய்தவர் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்த ஜாகோ பாஸ்டோரியஸ் (1951–1987). அவரிடம் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று இருந்தது. அதன் ஃபிரெட்டுகளை, அதாவது வீணையின் மெட்டுகளுக்கு இணையான உலோகக் கம்பிகளை, வெண்ணெய் தடவும் கத்தியால் தானே பெயர்த்து எடுத்ததாக அவர் சொல்வார். பேட்டிக்குப் பேட்டி கதை சற்று மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர்த்த இடங்களின் பள்ளங்கள் மரப்பட்டியால் நிரப்பப்பட்டன. அதன்மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பல அடுக்குகளாக ஏற்றப்பட்டது.

கடலோர ஊரில் படகுப் பூச்சு கைக்கெட்டும் பொருள். ஆனால் தேர்வு எளிமையானதே தவிர அசட்டுத்தனமானதன்று. முறுக்குச் சுற்றுள்ள உலோக நரம்புகள், ஃபிரெட் இல்லாத ரோஸ்வுட் பலகையை அரம்போல் அராவிவிடும். எபாக்ஸி அந்த மரத்துக்குக் கவசமானது. அதோடு, விரல் நரம்பை அழுத்தும் இடம் கடினமானதால் ஒலி நீண்டு நின்றது, ஒளிர்ந்தது, பாடியது. நம் சித்திரவீணையில் மெட்டில்லாப் பலகைமேல் சுரங்கள் வழுக்கிச் செல்வதைக் கேட்டவர்களுக்கு அந்த இன்பம் புதிதல்ல. 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டும், அதே ஆண்டு அவர் சேர்ந்த 'வெதர் ரிப்போர்ட்' குழுவின் பதிவுகளும் பேஸ் கிட்டாரின் மொழியையே மாற்றின. அந்த மாற்றத்தின் ஒரு பகுதி, படகுக் கடையில் விற்ற ஒரு டப்பாவிலிருந்து வந்தது.

*

இந்த வேலையைச் செய்து பார்க்க விழைவோருக்கு, அதன் ஒழுங்கைச் சொல்வது தகும். முதலில் கழுத்து, காந்தச்சுருள், கம்பி இணைப்புகள் எல்லாம் கழற்றப்படும். பழைய பூச்சைச் சூடான காற்றாலோ உப்புத்தாளாலோ எடுப்பர். தடித்த பாலியெஸ்டர் எளிதில் இறங்காது. பொறுமை இழந்து ஓரங்களை அதிகம் தேய்த்தால் உடலின் வளைவே மாறிவிடும். பிறகு மரத்தை அறிய வேண்டும். ஆஷ் மரம் திறந்த நுண்துளைகள் கொண்டது. பட்டி வைத்து நிரப்பாவிட்டால் வண்ணம் பள்ளம் பள்ளமாக இறங்கும். ஐம்பதுகளின் நடுவில் ஃபெண்டர் பெரிதும் பயன்படுத்தத் தொடங்கிய ஆல்டருக்கு அவ்வளவு நிரப்பல் வேண்டியதில்லை. அடைப்புப்பூச்சு, பிரைமர், மெல்லிய வண்ண அடுக்குகள், மேலே நிறமற்ற அடுக்குகள். நைட்ரோசெல்லுலோஸ் தொட்டால் சில மணிகளில் உலர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் இறுக வாரங்கள் ஆகும். அதன்பின்னரே நீர்தொட்ட நுண் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பெரும்பாலான வீட்டுப் பூச்சுகள் கெடுவது இந்தக் காத்திருப்பில்தான்.

எச்சரிக்கையும் தேவை. நைட்ரோசெல்லுலோஸின் ஆவி தீப்பற்றக்கூடியது. இருபொருள் பாலியூரித்தேனில் ஐசோசயனேட்டுகள் உண்டு. அவை நுரையீரலுக்கு ஆபத்தானவை. பல தலைமுறையினர் பூச்சை உரிக்கப் பயன்படுத்திய மெத்திலீன் குளோரைடு, மூடிய அறைகளில் பலரின் உயிரைக் குடித்தது. அதைக் கொண்ட வண்ணம் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதற்கு அமெரிக்கா 2019-இல் தடை விதித்தது. காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும் இன்றி இதில் இறங்கலாகாது.

*

இழப்பு எது என்பதற்கு இப்போது வருவோம். பழைய ஃபெண்டர் ஒன்றின் முதற்பூச்சு போய்விட்டால், சேகரிப்பாளர் சந்தையில் அதன் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெறும் பழைய கிட்டாராக இருந்ததை உரித்தவர்கள் பாவம் ஒன்றும் அறியாதவர்கள். அவர்கள் கையில் இருந்தது பொக்கிஷம் அன்று, வேலைக் கருவி. வேடிக்கை என்னவென்றால், 1995-இல் ஃபெண்டர் நிறுவனமே புதிய கருவிகளைச் செயற்கையாகத் தேய்த்து, கீறி, பழையதுபோல் ஆக்கி 'ரெலிக்' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. வாசித்துத் தேய்ந்ததற்கும் வாங்கும்போதே தேய்ந்திருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை, பூச்சு மட்டுமே அறியும்.

ஆனால் மறுபூச்சு எப்போதும் வரலாற்றை அழிப்பதில்லை. சில வேளை அதுவே வரலாறாகிறது. மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் வடிவ பேஸ், 1964-இன் தொடக்கத்தில் பழுதுபார்க்கப்பட்டு, அடர்ந்த சன்பர்ஸ்ட் நிறத்தில் பாலியூரித்தேனால் மறுபூச்சுப் பெற்றது. 1972-இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து அது திருடுபோயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அது மீண்டு அவரிடம் சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட ஒரே வடிவக் கருவிகளுக்கிடையே, அந்தப் பழுதுபார்ப்பின் தடங்கள் அதன் மச்சங்களாக இருந்தன. ஜாகோவின் பேஸும் 1986-இல் நியூயார்க்கில் களவுபோய், இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டு, 2010-இல் 'மெட்டாலிகா'வின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால் அவர் குடும்பத்துக்குத் திரும்பியது.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கருவி, தன்னைச் செய்தவர்களைப் பற்றி மட்டுமே பேசும். உரிக்கப்பட்டு, பூசப்பட்டு, மீண்டும் உரிக்கப்பட்ட கருவி தன்னை வாசித்தவரைப் பற்றியும் பேசும். இரண்டும் நமக்கு வேண்டும். எனவே, உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன், எடுக்கவிருப்பது எந்த ஆண்டின் தோல், அதை எவர் பூசினார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்த பின்னும் கை துடித்தால், தேய்க்கலாம். மரம் காத்திருக்கும், பூச்சு உலரும்வரை நாமும் காத்திருக்கக் கற்றால் போதும்.