மானியமும் மனுவும்

மானியம் என்னும் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. நாகூர் தர்காவுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழங்கிய நிலங்களும் மானியமே. கொடுப்பவரின் மனமே அங்கு விதியாக இருந்தது. இன்று ஒரு சங்கமோ ஜமாஅத்தோ அரசிடம் மனுச் செய்து பெறும் மானியம் வேறு வகையது. அதற்குரிய விதிகள் எங்கே தோன்றின, அவை நம் பள்ளிகளை எவ்வாறு தொட்டன என்பதைச் சற்று நோக்குவோம்.

1833இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடம் எழுப்ப 20,000 பவுன் ஒதுக்கிற்று. கிறித்தவச் சார்புடைய இரு கல்விச் சங்கங்களின் வழியாகவே அப்பணம் சென்றது. கட்டடச் செலவில் பாதியை ஊரார் முதலில் திரட்டிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. விளைவு என்ன? பாதியைப் போட வல்ல ஊர்கள் மீதியைப் பெற்றன. ஒன்றுமில்லாத ஊர்கள் ஒன்றும் பெறவில்லை. மானியத்தின் இந்த இயல்பை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

இம்முறையே 1854 ஜூலை 19ஆம் நாளிட்ட சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. நல்ல உலகியற் கல்வி தருதல், பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசு ஆய்வாளரின் பார்வைக்கு உடன்படுதல், சிறிதேனும் மாணவரிடம் கட்டணம் பெறுதல் ஆகியவற்றை நிறைவேற்றும் பள்ளி எதுவாயினும் உதவி பெறலாம். சமயம் பற்றிய வினா எழாது. அவ்வுதவியும் பள்ளியின் பொதுச் செலவுக்கன்று. ஆசிரியர் ஊதியம், உபகாரச் சம்பளம், நூல்கள் எனக் குறித்த இனங்களுக்கே உரியது.

படிக்கும்போது எல்லார்க்கும் பொதுவான நீதியாகவே தோன்றுகிறது. ஆனால் பள்ளிவாசல் திண்ணையில் ஆலிம்சா நடத்திய ஓதும் பள்ளியை இவ்விதிகளுக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். பெற்றோர் கொடுத்ததே அவருக்கு வருவாய். நிர்ணயித்த கட்டணம் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. நிர்வாகக் குழு என்று கையொப்பமிட எவருமில்லை. குர்ஆன் ஓதக் கற்பித்தது உலகியற் கல்வியில் சேராது. யாரும் அவரை விலக்கி வைக்கவில்லை. விதிகளே அவரைக் காணவில்லை. சென்னை மாகாணத்தில் நிலவியதோ ஆசிரியர் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் முறை. தகுதி பெற்ற ஆசிரியரையும் ஒழுங்கான கணக்கையும் உடைய கிறித்தவ மிஷன்கள் இதனால் பெரும்பயன் அடைந்தன. அதில் அவர்களைக் குறை கூற நமக்கு நியாயமில்லை. அவர்கள் விதியைப் படித்தார்கள், மனுவை எழுதினார்கள்.

1860ஆம் ஆண்டின் 21ஆம் எண் சங்கப் பதிவுச் சட்டம் எவர்க்கும் வழி திறந்து வைத்தது. எழுவர் கூடி ஒரு சங்கத்தைப் பதிவு செய்தால் போதும். அவ்வழியே நம்மவர் நடக்கத் தொடங்கப் பல ஆண்டுகள் சென்றன.

1871 ஆகஸ்டில் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்விக்குறை குறித்துத் தீர்மானம் வெளியிட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு இன்னும் விரிவாகப் பேசிற்று. முஸ்லிம் கல்விக்கென அது கூறிய பரிந்துரைகள் 17. ஓதும் பள்ளிகள் உலகியற் பாடங்களைச் சேர்த்துக்கொள்ள ஊக்கம் தருக, கல்விச் சங்கங்களை ஆதரிக்க எனப் பலவும் அவற்றுள் உள்ளன. முஸ்லிம் பிள்ளைகளின் பாடமொழி இந்துஸ்தானி என்றும், அவ்வூர் முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் மட்டும் அதற்கு விலக்கு என்றும் ஒரு பரிந்துரை கூறுகிறது. காயல்பட்டினத்துப் பிள்ளைக்கும் கீழக்கரைப் பிள்ளைக்கும் தாய்மொழி தமிழ். எனினும் அதனை அவர்களே எழுந்து சொன்னால்தான் விலக்கு! கேளாதவர்க்கு மற்றவர் மொழியே அவர் மொழியாக எழுதப்பட்டுவிடும்.

1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. நிலமும் பொருளும் முதலில் சமுதாயச் செல்வர்கள் தந்தவை; அரசின் உதவி பின்னர் வந்தது. 1833ஆம் ஆண்டின் அதே வரிசைதான்.

அரசியலமைப்பின் 30(2)ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நிர்வாகத்தில் உள்ளது என்பதற்காக ஒரு கல்வி நிலையத்துக்கு உதவியளிப்பதில் அரசு வேறுபாடு காட்டலாகாது என்கிறது. உதவி பெறும் பள்ளியில் இசைவின்றி எவரையும் சமய போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பது 28(3). ஆக, உதவியைப் பெற்றால் சமய போதனையை விட்டுவிட வேண்டும் என்று நம்மில் சிலர் அஞ்சுவது பிழை. முழுவதும் அரசுப் பொருளால் நடைபெறும் நிலையத்திற்கே பொதுவாக அத்தடை உண்டு.

மத்திய அரசு 2009இல் மதரஸாக்களுக்கென நடைமுறைப்படுத்திய தரமான கல்வித் திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். பதிவு பெற்று மூன்றாண்டுகள் நடந்திருக்க வேண்டும். அறிவியல், கணிதம் முதலியன கற்பிக்கும் ஆசிரியர்க்கே தொகை. பட்டதாரிக்கு மாதம் 6,000 ரூபாய். முதுகலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் உடையவர்க்கு 12,000. வுட்டின் விதிகள் பெயர் மாறி வந்தன எனலாம். விதிகளை நிறைவேற்றியோர்க்கும் தொல்லை தீரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் இத்திட்டத்து ஆசிரியர் பலர் மத்திய அரசின் பங்கை ஆண்டுக்கணக்கில் காணாமலே வகுப்பு நடத்தினர். 2022 மார்ச்சுடன் திட்டம் முடிவுற்றபோதும் அவர்களது நிலுவை தீர்க்கப்பட்டிருக்கவில்லை.