கன்னானும் கொல்லனும்: கடிகாரச் சொற்களின் உலோக வரலாறு

காலமளக்கும் கருவிக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்கள் பெரும்பாலும் கலத்தின் பெயர்களே. முல்லைப்பாட்டு குறிப்பிடும் கன்னல் ஒரு நீர்க்கலம். கடிகை என்பது சிறு குடத்தைச் சுட்டும் வடசொல்லின் வழிவந்தது. நாழிகையோடு உறவுடைய நாழி, முகத்தலளவைப் பெயர். ஆங்கிலத்தின் 'கிளாக்' என்பதோ மணியைக் குறிக்கும் இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இவ்வேறுபாட்டைக் கருவி செய்த கம்மியரின் வேறுபாட்டோடு இணைத்து நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இங்கே கடிகாரம் செம்பு வேலை செய்யும் கன்னானின் படைப்பு. ஐரோப்பாவில் அது முதலில் இரும்புக் கொல்லனின் படைப்பு.

நாழிகை வட்டில் என்பது அடியில் நுண்துளையுடைய செப்புக் கிண்ணம். நீரில் மிதக்கவிட்டால் துளைவழி நீர் ஏறி, ஒரு நாழிகையில் மூழ்கும். நாளொன்றுக்கு 60 நாழிகை. ஆகவே நாழிகை 24 நிமிடம். 8ஆம் நூற்றாண்டு வானநூலார் லல்லர் இக்கிண்ணத்துக்குப் பத்துப் பலம் செம்பு என்றும், துளையிடும் பொன்னூசிக்கு நான்கு அங்குல நீளம் என்றும் இலக்கணம் வகுத்தார். 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் இவ்விலக்கணத்தை ஏற்கவில்லை. எந்த அளவிலும் கிண்ணம் செய்யலாம். ஒரு பகலும் இரவும் அது எத்தனை முறை மூழ்குகிறதென எண்ணி, அவ்வெண்ணால் 60ஐ வகுத்தால் போதும் என்றார். 72 முறை மூழ்கினால் ஒரு மூழ்கல் 20 நிமிடம். பட்டறையின் இயல்பறிந்த கூற்று இது. தகட்டின் கனத்தையும் துளையின் அகலத்தையும் சுத்தியல் கொண்டு நூலிழை பிசகாமல் அமைத்தல் அரிது. செய்த பின் அளந்தறிதல் எளிது.

'கன்' என்பதற்குச் செம்பு என்னும் பொருள் உண்டு. எனவே கன்னலைக் கன்னானோடு இணைக்கத் தோன்றும். ஆயினும் கன்னல் கரும்பையும் குறிப்பதால், ஒலியொற்றுமை ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்திலுள்ள, 1386ஐச் சார்ந்ததாகக் கருதப்படும் கடிகாரம் கொல்லன் வழிக்கு நற்சான்று. அதன் சட்டமும் அச்சுகளும் காய்ச்சி அடித்த இரும்பு. அதற்கு முகமில்லை, முள்ளுமில்லை. மணியடித்து மட்டுமே பொழுதறிவித்தது. கருவிக்கு மணியின் பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

இவ்வகைக் கருவி நம்மிடம் வந்தபோது மொழிகள் இரண்டு வகையில் எதிர்கொண்டன. கருவிக்குக் கிண்ணத்தின் பழம்பெயரே நீடித்தது: தமிழில் கடிகாரம், கன்னடத்தில் கடியார. அளவுக்கு மட்டும் மணியோசை பெயராயிற்று: தமிழில் மணி, கன்னடத்தில் கண்டெ, தெலுங்கில் கண்ட. பெங்களூர் விவேக் நகர் போன்று மும்மொழியும் கலந்து வழங்கும் பகுதிகளில் இவ்வொற்றுமையை நாள்தோறும் கேட்கலாம். ஈழத்தமிழர் கருவியையே மணிக்கூடு என்பர். மலையாளத்தின் பழைய 'நாழிகமணி' கலத்தையும் ஓசையையும் ஒருசொல்லில் பிணைத்துவிட்டது.

உறுப்புப் பெயர்களில் கண்ணுக்குத் தெரிவனவே தமிழாயின. முள், பல், ஊசல் ஆகியன ஏற்கெனவே இருந்த சொற்களின் பொருள் விரிவு. சாவி போர்த்துக்கீசியம் தந்தது. மூடிக்குள் மறைந்த உறுப்புகள் 'பேலன்ஸ்', 'மெயின் ஸ்பிரிங்' என ஆங்கிலமாகவே பழுதுபார்ப்போரிடம் வழங்குகின்றன. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழில், மூட 2016இல் மத்திய அமைச்சரவை இசைந்தது. அக்காலத்துத் தொழிலாளர் பேச்சு வழக்குகளை இனியேனும் தொகுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். பழைய நூலில் வரும் 'மணி' அணிகலனோ ஓசைக் கருவியோ ஆகலாம்; 60 நிமிட அளவாகாது. நாழிகையை ஆங்கிலத்தில் 'அவர்' எனப் பெயர்ப்பது இன்னும் பெரும்பிழை. யாமம் என்பது ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். அதனை ஏழரை 'அவர்' என்று எழுதினால், நான்கு யாமம் கொண்ட ஓர் இரவு முப்பது மணி நேரம் நீண்டுவிடும்.