கூகன்ஹைமில் வண்டி நிறுத்த இடமிருந்தது

நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1998 ஜூன் முதல் செப்டம்பர் வரை 'மோட்டார் சைக்கிளின் கலை' என்றொரு கண்காட்சி நடந்தது. ஃப்ராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த சுருள் சாய்தளத்துக்கு ஃப்ராங்க் கெரி பளபளக்கும் உருக்குத் தகடு போர்த்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவி வண்டியிலிருந்து அந்த வருஷத்து எம்.வி. அகுஸ்தா வரை நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள். மூன்று லட்சம் பேர் வந்தார்கள். புரவலர் பி.எம்.டபிள்யூ. அந்தக் கம்பெனி வண்டிகளும் வரிசையில் நின்றன.

'இதெல்லாம் கலையா' என்று விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய்க்கறை பட்ட பொருள் ஓவியத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பது மேட்டுக்குடித் தீட்டு, வேறொன்றுமில்லை. என் கேள்வி வேறு. வெகுஜனப் பண்பாடு அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது யார் கூட வருகிறார்கள், யாரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்?

இதே கட்டடத்தில் 1971இல் நடந்ததைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஹான்ஸ் ஹாக்கேயின் தனிக் கண்காட்சி தொடங்க ஆறு வாரம்தான் பாக்கி. அவர் வைக்கவிருந்த படைப்புகளில் ஒன்றின் தலைப்பு: 'ஷபோல்ஸ்கி மற்றும் பிறர்: மன்ஹாட்டன் நிலச் சொத்துகள், ஒரு நிகழ்நேரச் சமூக அமைப்பு, 1971 மே 1 நிலவரப்படி'. ஹார்லம், லோயர் ஈஸ்ட் சைட் பகுதிகளின் வாடகைக் கட்டடங்களுடைய புகைப்படங்கள். ஒவ்வொன்றோடும் தட்டச்சு அட்டை: முகவரி, எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது, என்ன அடமானம். கம்பெனிப் பெயர்கள் பல, பின்னால் ஒரே கூட்டம். ரகசியம் ஒன்றும் கிடையாது, யாரும் போய்ப் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேட்டில் இருந்த விவரம்தான். கோஷம்கூட இல்லை. இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் மொத்தக் கண்காட்சியையும் ரத்து செய்தார். ஹாக்கே பக்கம் நின்ற பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரைக்கு வேலை போனது.

ஹாக்கே விடவில்லை. 1974இல் கூகன்ஹைமின் அறங்காவலர்களையே ஏழு பலகைகளில் எழுதினார்: யார் எந்தக் கம்பெனியில் இயக்குநர், கெனகாட் தாமிரக் கம்பெனியோடு அவர்களுக்கு என்ன உறவு. கெனகாட்டின் சிலிச் சுரங்கத்தைத்தான் அலெண்டே அரசு நாட்டுடைமையாக்கியிருந்தது.

சரி, மோட்டார் சைக்கிளுக்குச் சமூக அமைப்பு கிடையாதா? இல்லாம என்ன! 1998 வரிசையில் 'ஈஸி ரைடர்' (1969) படத்து 'கேப்டன் அமெரிக்கா' வண்டியின் மறுபிரதியும் நின்றது. அறுபதுகளின் வண்டிகளுக்கு 'எதிர்ப்பண்பாடு' என்றெல்லாம் தலைப்பு கொடுத்திருந்தார்கள். அசல் வண்டிகளை உருவாக்கியதில் முக்கியமானவர்கள் இருவர்: லாஸ் ஏஞ்சலீஸ் பட்டறைக்காரர் பென் ஹார்டி, சிவில் உரிமை இயக்கத்தில் வேலை செய்த க்ளிஃப் வாஸ். இருவரும் கறுப்பர்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் இருவரும் இல்லை. திரையில் விடுதலையின் பிம்பமாக ஓடியவை வெள்ளை உடல்கள். வண்டியைக் கட்டிய கை கறுப்பு.

எதிர்ப்பண்பாடு என்ற சொல்லைச் சுவரில் எழுதுவது சுலபம். துடைச்சு வச்ச வண்டி அடமானம் பற்றியோ கூலி பற்றியோ பேசாது. ஹாக்கேயின் அட்டை ஒன்றை அதன் சக்கரத்தடியில் வைத்திருந்தால்? யார் பற்றவைத்தார், என்ன கிடைத்தது, யார் பெயரில் விற்றது. மூன்று லட்சம் பேரும் படித்திருப்பார்கள். பி.எம்.டபிள்யூ. பணம் வந்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

வண்டிகள் சிகாகோ, பில்பாவோ என்று போய், 2001இல் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதிக்குள் திறந்த கூகன்ஹைம் கிளைக்கு முதல் கண்காட்சியாயின. ஷபோல்ஸ்கி படைப்பை 2007இல் விட்னி அருங்காட்சியகமும் பார்சலோனாவின் சமகாலக் கலை அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்கின.