தோட்ட நகரின் தோட்டங்கள்: கொழும்பின் புகழும் உண்மையும்

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்து மீண்ட ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலிலே கொழும்பு என்னும் பெயருக்கு ஒரு விளக்கம் தருகின்றார். அவ்விடத்தில் ஒரு மாமரம் நின்றதெனவும், அது காய்க்காது இலைகளை மாத்திரமே தாங்கியிருந்தமையால் இலையைக் குறிக்கும் 'கொல', மாவைக் குறிக்கும் 'அம்ப' என்னும் சிங்களச் சொற்கள் இணைந்து அம்மரத்துக்குப் பெயராயின எனவும், பின்வந்த கிறித்தவர் கொலம்பசைச் சிறப்பிக்குமுகமாக அப்பெயரைத் திரித்தனர் எனவும் அவர் கூறுவர். இவ்விளக்கத்தின் பிற்பகுதி வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இந்நகரைக் 'கலன்பு' எனவே குறித்துள்ளார். அப்பொழுது கொலம்பஸ் பிறப்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. எனினும், இலை செறிந்தும் கனி தராத மரம் என்னும் கதை நம் சிந்தனைக்கு ஒரு வினாவை விட்டுச் செல்கின்றது. கொழும்பு நகர் தான் பெற்ற புகழுக்கேற்ற கனியைத் தந்துள்ளதா? தந்ததாயின் அதனை உண்டவர் யாவர்?

கொழும்பின் புகழைப் பரப்பியோருட் பெரும்பாலார் வழிப்போக்கர் என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது. இலங்கையிலேயே மிக அழகியனவும் பெரியனவுமான நகரங்களுள் ஒன்றென இபின் பதூதா இதனைப் போற்றினார். 1890ஆம் ஆண்டு நவம்பரில் இங்கு வந்த உருசிய எழுத்தாளர் செக்கோவ் இந்நாட்டைச் சொர்க்கத்தோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். 1896ஆம் ஆண்டு வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் வீதிகளிற் கண்ட மக்களின் ஆடைகளது நிறங்களிலே மனம் பறிகொடுத்தார். கப்பல் நிலக்கரியும் நீரும் ஏற்றிக்கொள்ளும் ஓரிரு நாட்களில் நகரைச் சுற்றிப் பார்ப்பதே அக்காலப் பயணிகள் பலரின் வழக்கம். இறங்குதுறையை அடுத்திருந்த கிராண்ட் ஓரியண்டல் விடுதி, காலிமுகத்திடல், கறுவாத்தோட்டத்து நிழற்சாலைகள் ஆகியனவே அவர்கள் கண்ட கொழும்பு. கிழக்கின் தோட்ட நகர் என்னும் அடைமொழி இத்தகைய பார்வையிற் பிறந்து, பின்னர் நகர மாந்தராலேயே பெருமையோடு ஏற்கப்பட்டது.

இப்புகழின் அடித்தளமாய் அமைந்தது துறைமுகமாகும். ஆயினும் திருகோணமலைக்கு இயற்கை வழங்கிய கொடையைக் கொழும்புக்கு அது வழங்கவில்லை. சிறியதொரு முனையின் மறைவைத் தவிரத் தென்மேல் பருவக்காற்றைத் தடுக்கக்கூடியது எதுவும் இங்கிருக்கவில்லை. ஆதலினாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவிக் கப்பல்கள் காலித் துறையையே நாடின. கோப்பிச் செய்கையின் பெருக்கமும், 1867ஆம் ஆண்டு கண்டிவரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதையும், 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாயும் இந்நிலையை மாற்றின. மலைநாட்டு விளைபொருள் கொழும்பில் வந்து குவிந்தது. அதனை ஏற்றுதற்குப் பாதுகாப்பான துறை வேண்டப்பட்டது. சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி அமைந்த தென்மேல் அலைதாங்கிக்கு 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885ஆம் ஆண்டு அது நிறைவெய்தியது. 1906ஆம் ஆண்டளவில் ஏனைய அலைதாங்கிகளும் முற்றுப்பெற்றபொழுது, கொழும்பு உலகின் முன்னணித் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று.

அடிக்கல் நாட்டிய இளவரசரின் பெயர் வரலாற்று நூல்களிலே உள்ளது. அலைதாங்கிக்கு வேண்டிய கல்லை மகரையிலே உடைத்த சிறைக்கைதிகளின் பெயர்களை அந்நூல்களிற் காணமுடியாது. நிலக்கரி சுமந்தோரும், மூடை சுமந்த நாட்டாமைகளும், படகு வலித்தோரும் அவ்வாறே பெயரற்றோராயினர். துறைமுகத்தைப் பொறுத்தவரையிற் கொழும்பின் புகழ் தகுதியானதே என்பதில் ஐயமில்லை. தெற்காசியாவின் முதன்மையான கப்பல் மாற்று நிலையங்களுள் ஒன்றாக அது இன்றும் விளங்குகின்றது. ஆனால் அப்புகழ் நகரின் இயற்கை வனப்புக்கு உரியதன்று, உழைப்புக்கு உரியது.

இனி, தோட்ட நகர் என்னும் புகழை நோக்குவோம். கறுவாத்தோட்டம் என்பது தொடக்கத்தில் அழகுக்காக அமைந்த பூங்காவன்று. காடுகளிற் சேகரிக்கப்பட்டு வந்த கறுவாவைப் பயிராக்கும் நோக்குடன், தேசாதிபதி பால்க் காலத்தில், 1769ஆம் ஆண்டு மருதானைப் பகுதியில் ஒல்லாந்தர் இட்ட வணிகத் தோட்டமே அது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1833ஆம் ஆண்டு கறுவா மீதான அரசின் தனியுரிமை நீங்கிய பின்னர் அந்நிலம் படிப்படியாக வசதி படைத்தோரின் மாளிகைகளுக்கு இடமாயிற்று. 1921ஆம் ஆண்டு நகரத் திட்டமிடலறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென வரைந்த அறிக்கை, நகர் முழுவதையும் தோட்ட நகராக்கலாம் என்னும் நம்பிக்கையை வளர்த்தது. நடைமுறையில் அந்நம்பிக்கையின் பயனைப் பெரிதும் நுகர்ந்தது கறுவாத்தோட்டமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளுமேயாகும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் வழக்கு ஆராய்தற்குரியது. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், மட்டக்குளி ஆகிய வடகொழும்புப் பகுதிகளில் வாழும் தமிழர், 'தோட்டம்' என்னும் சொல்லைப் பூங்காவுக்கு வழங்குவதில்லை. ஒரு வளவினுள் நெருக்கமாக அமைந்த சிற்றறைகளின் வரிசை, பலருக்கும் பொதுவானதொரு நீர்க்குழாய், பொதுவான மலகூடம் என்பவற்றைக் கொண்ட குடியிருப்பே அவர்கள் வழக்கில் தோட்டமாகும். சிங்களத்தில் 'வத்த' என்பதும் இதே பொருளில் வழங்குகின்றது. செல்வர் வாழும் கறுவாத்தோட்டமும், அவர்தம் இல்லங்களில் ஏவல் செய்வோர் வாழும் தோட்டமும் ஒரே சொல்லாற் சுட்டப்படுதல் நகைப்புக்குரிய தற்செயலன்று. துறைமுகத்துக்கும் பண்டசாலைகளுக்கும் ஆள் வேண்டியபொழுது, பழைய தோட்ட வளவுகளிலே வரிசையறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டமை ஆதாயம் தந்தது. முன்னைய தோட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சியது, மரங்கள் எஞ்சவில்லை.

நகரின் வனப்புக்கும் அதனைத் தாங்கியோருக்கும் இடையிலிருந்த தொலைவுக்கு இலக்கிய உலகிலிருந்து ஒரு சான்று உண்டு. சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெரூடா, தம் நாட்டின் தூதரக அலுவலராக 1929ஆம் ஆண்டில் வந்து வெள்ளவத்தைக் கடற்கரையருகே ஒரு வீட்டில் வாழ்ந்தார். கடலையும் தனிமையையும் அழகுற வருணிக்கும் அவரது நினைவுக் குறிப்புகள், அவர் மறைவின் பின் 1974ஆம் ஆண்டு வெளிவந்தன. அவற்றிலேயே, நாள்தோறும் தமது வீட்டின் மலவாளியை அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியை அவளது இசைவின்றித் தாம் புணர்ந்தமையையும் அவர் எழுதியுள்ளார். அவள் பெயரை அவர் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. கவிஞரின் மேதைமையை இந்நிகழ்ச்சி அழித்துவிடும் என்பதோ, மேதைமை இதனை மறைத்துவிடும் என்பதோ இங்கு எழும் பிரச்சினையன்று. கடலழகுக்குப் புகழ்பெற்ற கரையோர இல்லங்களின் தூய்மை யாருடைய தலைச்சுமையால் நிலைபெற்றது என்பதையும், அச்சுமை தாங்கியோர் எவ்வளவு பாதுகாப்பற்று வாழ்ந்தனர் என்பதையும் நாம் அறிய அது துணைபுரிகின்றது.

எனினும் தோட்டத்து மக்கள் துன்புற்றோர் மட்டுமேயாக வாழ்ந்தனர் என்று கொள்வது வரலாற்றுத் தவறாகும். 1893ஆம் ஆண்டின் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1906ஆம் ஆண்டின் வண்டிக்காரர் வேலைநிறுத்தம், 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம், 1927ஆம் ஆண்டின் துறைமுக வேலைநிறுத்தம், 1929ஆம் ஆண்டின் திராம்வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1933ஆம் ஆண்டின் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தம் ஆகியன யாவும் கொழும்பிலேயே நிகழ்ந்தன. டொனமூர் ஆணைக்குழுவின் முன் படித்த தலைவர் பலர் வாக்குரிமையைச் சிலருக்கு மட்டுப்படுத்த விழைந்தபொழுது, ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கமே அதனை அனைவருக்கும் வேண்டி நின்றது. 1931ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சர்வசன வாக்குரிமையைக் கொழும்பின் உண்மையான கனிகளுள் ஒன்றெனலாம். ஆயினும் பொருளாதார மந்தம் சூழ்ந்த முப்பதுகளில் அதே தலைவர் மலையாளத் தொழிலாளருக்கெதிரான பரப்புரையில் இறங்கினார் என்பதும் மறைத்தற்குரியதன்று. ஒரே வேலைத்தலத்தில் ஒன்றுபட்டோரை இனத்தின் பெயராற் பிரித்தல் எத்துணை எளிது என்பதை அது காட்டிற்று.

கொழும்புக்கு உரியதாய் இன்னொரு பெருமையும் உண்டு. இபின் பதூதா கண்ட கலன்பு, ஜலஸ்தி என்னும் கப்பற்றலைவனின் ஆட்சியில் இருந்தது. அவனிடம் ஐந்நூறு அபிசீனியர் பணிபுரிந்தனர். பல்லின மக்கள் கூடிவாழும் இயல்பு அன்றே இந்நகருக்கு அமைந்துவிட்டது. கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் ஆலயமும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் ஒன்றையொன்று அண்மித்து நிற்கின்றன. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதம் பல்லின மக்கள் வாழும் வீதிகளினூடே காலி வீதி வழியாகச் செல்வது. 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தரை வரவேற்ற இந்நகரிலேயே 1930ஆம் ஆண்டில் வீரகேசரியும் 1932ஆம் ஆண்டில் தினகரனும் தோன்றின. 1942ஆம் ஆண்டிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் எழுந்தது. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் மலையகத்தவரும் ஒரே நாளிதழை வாசிக்கும் வாய்ப்பைக் கொழும்பே ஏற்படுத்தியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, மாநகர எல்லையினுள் எந்தவோர் இனமும் சனத்தொகையிற் பாதியை எட்டவில்லை.

இப்பெருமையைக் கொழும்பு பலமுறை இழந்துள்ளது. 1883ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையிற் பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதினர். 1915ஆம் ஆண்டின் கலவரத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். 1958ஆம் ஆண்டு தமிழர் தாக்கப்பட்டபொழுது, அகதிகளாகிய ஆயிரக்கணக்கானோர் கொழும்புத் துறைமுகத்திலிருந்தே கப்பலேற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டனர். 1983ஆம் ஆண்டு யூலையில் பொறளையில் தொடங்கிய வன்முறை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளை, நுகேகொடை எனப் பரவி, வீடுகளையும் கடைகளையும் உயிர்களையும் எரித்தது. மீண்டும் கப்பல்கள் அகதிகளைச் சுமந்து வடக்கே சென்றன. உலகை நகருக்கு அழைத்துவரக் கட்டப்பட்ட துறைமுகம், நகரின் மாந்தரையே வெளியேற்றும் வாயிலாக மாறியமையைவிடக் கொழும்பின் புகழுக்கு நேர்ந்த பெரிய இழுக்கு வேறில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் குருதியில் நனைந்தது.

அண்மைக்காலத்தில் நகர் புதிய அடைமொழிகளை நாடுகின்றது. கடலை நிரவி உருவாக்கிய 269 ஹெக்டேயர் நிலத்தில் துறைமுக நகர் எழுகின்றது. தாமரைக் கோபுரம் 2022ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்கள் ஏறத்தக்கதாயிற்று. 2018ஆம் ஆண்டு ஈரநிலங்களைப் பேணும் நகர் என்னும் உலக அங்கீகாரமும் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்ரல் மாதத்திலேதான், நகரின் கழிவைத் தாங்கிய மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரை உயிரோடு புதைத்தது. நகர் விலக்கிய அழுக்கின் கீழ் மடிந்தோர் இம்முறையும் வறியோரே. தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டுள்ளன. மாடி உயர்ந்துள்ளது என்பது கண்கூடு; வாழ்வும் உயர்ந்ததா என்பதை அங்கு குடியேறியோரே சொல்லுதல் வேண்டும்.

கொழும்பின் தகுதியை அளத்தற்கு ஏற்ற இடம் யாது எனின், காலிமுகத்திடல் எனலாம். 1859ஆம் ஆண்டு அதன் நடைபாதையை நிறைவு செய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், நகரப் பெண்கள், சிறுவர் ஆகியோரின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தம் பின்வருவோரை வேண்டிக் கல்லிற் பொறித்தார். அன்று அவர் மனங்கொண்ட பெண்டிருள் கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பெண்கள் இடம்பெற்றிருப்பர் என எண்ணுதற்கில்லை. அதே திடலில் 1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் அடித்து விரட்டப்பட்டனர். அதே திடலில் 2022ஆம் ஆண்டு, பொருளாதார நெருக்கடியால் வெகுண்டெழுந்த மக்கள் இனவேறுபாடின்றிக் கூடினர். அவ்வாண்டு மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மடிந்தோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். அறுபத்தாறு ஆண்டுகளில் இத்திடல் கடந்த தொலைவு சிறிதன்று. அது நிலைபெற்றுவிட்டது என மகிழ்தற்குரிய காலம் இன்னும் வரவில்லை.

ஆகவே, கொழும்பு தன் புகழுக்குத் தகுதியுடையதா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறல் இயலாது. துறைமுகமாக அது தகுதியுடையது. தோட்ட நகராக அது நகரின் ஒரு பகுதியைக் காட்டி முழுமைக்கும் பெயர் பெற்றது. பல்லின நகராக அது தன் பெருமையைத் தானே பலகால் எரித்தும், அதனை முற்றாக இழந்துவிடவில்லை. ஒரு நாள் தங்கிச் சென்றோர் எழுதிய சான்றிதழ் இனியும் இந்நகருக்குப் போதியதாகாது. பொதுக்குழாயடியில் நீருக்காக நிற்பவளும், அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே செல்லப் பழகிய வெள்ளவத்தை வாசியும் இது எங்கள் நகர் என்று அச்சமின்றிக் கூறும் நாளிலேயே கொழும்பின் புகழ் மெய்யாகும்.