கறை படிந்த விண்மீன்கள்

பேராக்கில் நகர விளக்கொளி எட்டாத பழைய ரப்பர்த் தோட்டப்புறத்தில், டிசம்பர் மாதம் மழைமேகம் விலகிய ஓர் இரவில், பத்து மணியளவில் வடக்கு நோக்கி நின்றால், வானில் பாதி உயரத்திற்குச் சற்று மேலே அல்கோல் என்னும் விண்மீன் தெரியும். அராபியர் அதனைப் பேயின் தலை என்றனர். 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை அதன் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, சில மணி நேரத்தில் மீளும்.

இக்காலக் கணக்கை 1783-இல் இங்கிலாந்தில் வகுத்தவர் ஜான் குட்ரிக் என்னும் செவிப்புலனற்ற இளைஞர். ஒளி மங்குவதற்கு அவர் இரு காரணங்களைக் கூறினார். பெரியதொரு பொருள் அல்கோலைச் சுற்றிவந்து அதனை மறைக்கலாம். அன்றி, அல்கோலின் ஒரு பக்கம் கறை படிந்ததாயிருந்து, சுழலும்போது அப்பக்கம் நம்மை நோக்கலாம். 1889-இல் ஜெர்மானிய அறிஞர் வோகல், நிறமாலையைக் கொண்டு அல்கோல் இரட்டை விண்மீனே என்று நிறுவினார். மறைப்புக் கொள்கை வென்றது. கறைக் கொள்கை கைவிடப்பட்டது. குட்ரிக்கோ 1786-இலேயே, 21 வயதில், மறைந்துவிட்டார்.

கறை என்பது யாது? விடை ஞாயிற்றிடமிருந்து கிடைத்தது. 1908-இல் அமெரிக்க அறிஞர் ஹேல், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடக் கண்டு, அங்கே வலிய காந்தப் புலம் உண்டென்றார். புள்ளிகள் நீர்ச்சுழி போன்ற வாயுச் சுழிகள் என்பது அவர் எண்ணம். 1909 ஜனவரியில் கோடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட் நோக்கியபோது அச்சுழற்சி தென்படவில்லை. வாயு புள்ளியிலிருந்து புறநோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்தது கிட்டாதபோதும் கண்டதைக் கண்டவாறே எழுதினார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அடியிலிருந்து எழும் வெப்பத்தைக் காந்தப் புலம் தடுப்பதால் புள்ளி குளிர்ந்து இருள்கிறது என்பது பின்னர் விளங்கிற்று.

1947-இல் ஜெரால்டு கிரான், ஏஆர் லாசர்ட்டே என்னும் இரட்டை மீனின் ஒளியில், மறைப்பினால் மட்டும் விளக்கவியலாத ஏற்றத்தாழ்வு கண்டு, அதன் முகத்தில் கறைத் திட்டுகள் இருக்கவேண்டும் என்றார். கைவிட்ட கொள்கை வேறு வாயிலால் உள்ளே வந்தது. இத்தகைய இரட்டையில் இரு மீன்களும் ஒன்றையொன்று இழுப்பதால், சுற்றும் காலமும் தற்சுழற்சிக் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. ஞாயிறு ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள். இவற்றிற்கு இரண்டே நாள். விரைந்த சுழற்சியும் உள்ளே கொதித்துப் புரளும் வாயுவும் சேர்ந்து, மின்னாக்கி போலக் காந்தத்தை வளர்க்கின்றன. ஞாயிற்றின் முகத்தில் நூற்றில் ஒரு பங்கையும் எட்டாத கறை, இங்கே பெரும் பரப்பை மூடுகிறது. துணைமீன் கறையை மறைத்துப் பின் விடுவிக்கும் நேரத்தைக் கொண்டு, கறை இருக்குமிடத்தையே கணிக்கலாம்.

வைணு பாப்பு 1960-களில் ஜவ்வாது மலையின் காவலூரில் தொடங்கிய ஆய்வகத்தில், 1980-களில் இவ்வினத்து இரட்டை மீன்கள் ஆண்டுக்கணக்கில் அளக்கப்பட்டன. கறைகள் இடம்பெயர்வதும் வளர்ந்து தேய்வதும் பதிவாயின. பெருந்தொலைநோக்கி வேண்டாத பணிதான். பொறுமைதான் மிகுதியாக வேண்டும்.

அல்கோலின் கதையும் முடியவில்லை. அதனை மறைக்கும் குளிர்ந்த துணைமீனிலிருந்து எழும் பெரியதொரு காந்த வளையத்தை, வானொலி அலைகளைக் கொண்டு 2010-இல் அறிஞர் படம்பிடித்தனர்.