வினாவில் தொடங்கிய பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பள்ளிக்கூடம் முடிந்து களைப்புடன் மக்தபுக்கு வரும் பிள்ளை வகுப்பில் சிரித்துவிட்டால், அதனை ஒழுக்கக் குறைவாகக் கருதும் ஆசிரியர்கள் நம்மில் உண்டு. பணியின் தொடக்கத்தில் நானும் அவர்களுள் ஒருவனே. மார்க்கக் கல்விக்கும் விளையாட்டிற்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்தேன். ஆனால், நம் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் அமர்ந்திருந்தபோது பேரீச்ச மரத்தின் குருத்து கொண்டுவரப்பட்டது. அப்போது அவர்கள் ஒரு புதிர் கேட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு. அது முஸ்லிமுக்கு ஒப்பானது. அது எந்த மரம்? தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்களைத் தேடிச் சென்றது. இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் விடை தோன்றிவிட்டது. எனினும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோரே மௌனமாக இருந்ததால் நாணத்தால் வாய் திறக்கவில்லை. பின்னர் நபியவர்களே அது பேரீச்ச மரம் என்று அறிவித்தார்கள். மகன் இதைச் சொல்லக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், அந்த விடையை அங்கேயே கூறியிருக்கலாகாதா என ஆதங்கப்பட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பகுதியில் பதிவு செய்துள்ளார்கள். தோழர்களின் அறிவைச் சோதிக்க இமாம் வினாத் தொடுப்பது என்பதே அதற்கு அவர்கள் இட்ட தலைப்பு. அத்தலைப்பில் வினாவைக் குறிக்கும் சொல் ‘மஸ்அலா’.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதி முடித்து வரும் சிறுவனை நல்ல விளையாட்டுகளில் ஈடுபட விடவேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் மடியும், கூர்மை மங்கும், கல்வியிலிருந்தே தப்பிக்கும் வழியை அவன் தேடுவான் என்பது அவர்களின் எச்சரிக்கை.

அந்த ‘மஸ்அலா’ என்னும் சொல்லே தமிழில் ‘மசலா’ என்னும் இலக்கிய வகையாயிற்று. இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையான முழு நூலாகக் கருதப்படுவது ‘ஆயிர மசலா’. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அது 1572இல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களின் வினாக்களும் நபியவர்களின் விடைகளுமாக அது அமைந்துள்ளது. ஹதீஸில் அவர் கேட்டவை மூன்றே வினாக்கள். புலவர் பாடிய நூலோ ஆயிரம் வினாக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனவே அதனை ஹதீஸாகக் கொள்ளாமல் இலக்கியமாகவே கொள்ள வேண்டும். எனினும், வினா கேட்டு ஆவலைத் தூண்டிப் பின் விடை கூறும் முறை நம் முன்னோருக்குப் புதிதல்ல என்பதற்கு அந்நூல் சான்று.

இன்று என் வகுப்பு ஒரு புதிருடன் தொடங்குகிறது. பிள்ளைகள் இரு அணிகளாகப் பிரிந்து எழுத்தட்டைகளைச் சேர்த்துச் சொற்களை அமைக்கிறார்கள். விளையாட்டு பாடத்தை விழுங்கிவிடாமலும், தோற்ற பிள்ளை கேலிக்கு ஆளாகாமலும் காப்பது ஆசிரியரின் பொறுப்பு.

பெற்றோர்களே! விடை தெரிந்தும் நாணத்தால் மௌனமாக இருக்கும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். இன்றிரவு உணவு வேளையில் அப்பிள்ளையிடம் ஒரு மஸ்அலா கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் இனிமையாக்குவானாக. ஆமீன்.